சளியா, வலியா?

அத்தியாயம் 11

போன வாரம் மருந்துக்கடையில் நடந்ததை அறிந்தவர்களுக்கு, அன்று காலை மருந்தக்கா ஏன் சர்க்கரை போடாத தேநீரை, சர்க்கரை போட்டதாக நினைத்துக்கொண்டே குடித்து முடித்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

மருந்தக்கா என்பது கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். தெருமுனைக் கடையில் அவள் மருந்து கொடுக்கத் தொடங்கிய காலத்தில் பிறந்த குழந்தைகள் இன்று தங்கள் முதுகுவலிக்குத் தைலம் வாங்க வருகிறார்கள். யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, யாருடைய அம்மாவுக்கு எந்த மருந்தில் தடிப்பு வந்தது என்பதெல்லாம் அவள் விரல்நுனியில். மகன் சரக்குக் கப்பலில் பொறியாளன். வருடத்தில் பாதி கடலில். மருமகளும் மருந்தாளுநர்தான். கல்யாணமானதிலிருந்து மாமியாரோடு அதே கடையில் நிற்கிறாள்.

போன வாரம், முகக்கவசம் போட்ட ஒருவர் வந்து மருந்து கேட்டார். அவர் கேட்டது சளிக்கு. மருந்தக்கா கொடுத்தது வலிக்கு. வயிற்றில் புண் இருக்கிறது, பார்த்துக் கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார் மனிதர். வயிற்றுப்புண்காரர் தொடவே கூடாத மாத்திரை அது. மருமகள் எப்படியோ கவனித்துவிட்டு, கடையிலிருந்து இறங்கி ஓடி, பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பிடித்து, மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அன்றிலிருந்து மருந்தக்காவுக்கு ஒரே நினைப்பு. அக்காவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது?

அவளுடைய சொந்த அக்கா, பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். இப்போது ஒரு காப்பகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். தங்கையைப் பார்த்தால் யாரோ நல்ல மனுஷி என்கிற மாதிரி சிரிப்பாள். அவ்வளவுதான்.

அதனால்தான் இன்று ஆஸ்பத்திரி. நினைவாற்றலைச் சோதிக்கும் பிரிவில் நேரம் வாங்கியிருந்தார்கள்.

"இந்தா, இதைத் தின்னுட்டுப் போ" என்று கணவர் ஒரு கிண்ணத்தை நீட்டினார். உள்ளே உடைத்த வால்நட். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். குழிக்குள் நின்றுகொண்டு மேல்மாடிக்குக் குரல் கொடுத்தே பழகியவர். வீட்டில் உப்பு கேட்டால்கூடப் பக்கத்து வீட்டில் எடுத்துக் கொடுக்கலாம்.

"எதுக்கு இது?"

"பாரு, அச்சு அசலா மூளை மாதிரியே இருக்கு. மூளைக்கு நல்லதாம்."

"அப்படிப் பாத்தா வாழைப்பழம் தின்னா முதுகு வளைஞ்சு போகுமா?"

அவர் சிரித்தார். சிரித்த கையோடு முகம் மாறிவிட்டது. "ஒண்ணும் இருக்காது. போயிட்டு வா. நானும் வர்றேன்னுதான் சொன்னேன். கூட வேலை பாக்குற ஆளைத்தான் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

கூட வேலை பார்க்கிற ஆள் என்றால் மருமகள். அங்கேதான் மருந்தக்காவுக்கு மனசு இடித்தது. அந்தப் பெண்ணைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு குறை, ஆனால் பெரிய குறை. வாயைத் திறந்து பேசமாட்டாள். எல்லாம் முணுமுணுப்பு. கடையிலும் தோளை ஒட்டி வந்து நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் ஏதோ கிசுகிசுப்பாள். மாமியாரிடம் எப்போது குற்றம் கண்டுபிடிக்கலாம் என்று காத்துக் கிடக்கிறவளைப் போல. இன்று டாக்டர் முன்னால் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டப்போகிறாள்.

வாசலிலிருந்து மருமகள் ஏதோ சொன்னாள்.

"என்ன?"

"டாக்ஸி வந்திடுச்சு அத்தை" என்று இரண்டாம் முறை சொன்னாள், கொஞ்சம் அழுத்தி.

'பாத்தியா, அதட்டுறா' என்று மருந்தக்கா தனக்குள் சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினாள். வழியெல்லாம் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

டாக்டர் இளவயதுப் பெண். ஜலதோஷம் பிடித்திருந்ததால் முகக்கவசம் போட்டிருந்தார். அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. மருந்தக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேருக்குப் பயப்படாதீங்க என்று சொல்லி மாத்திரை கொடுத்த கை, மடியில் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது.

"சாதாரணப் பேச்சுதான்மா. பரீட்சை மாதிரி நெனைக்காதீங்க. நான் அஞ்சு வார்த்தை சொல்றேன். திருப்பிச் சொல்லுங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேப்பேன்."

டாக்டர் சொன்னார். மருந்தக்கா உடம்பை முன்னால் சாய்த்துக் கேட்டாள்.

"ஆவி, பட்டு, எலி, பாலம், அவர்" என்றாள்.

டாக்டரின் பேனா நின்றது. அவளை ஒரு கணம் பார்த்தார். அப்படியே குறித்துக்கொண்டார்.

ஆவியும் எலியும் அவரும் ஒன்றாக வந்தது மருந்தக்காவுக்கே விநோதமாகத்தான் இருந்தது. மூளையைச் சோதிக்கிறவர்கள் அப்படித்தான் ஏடாகூடமாகக் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பேனா நின்றதை அவள் கவனித்துவிட்டாள். தப்பாய்ச் சொல்லிவிட்டேன்.

அடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். வரைந்தாள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள். மாத்திரை எண்ணியே வாழ்ந்தவளுக்கு அது ஒரு வேலையா? டாக்டர் போதும் என்று கை காட்டும் வரை கழித்துக்கொண்டே போனாள். இன்று என்ன கிழமை, இது எந்த மாடி என்பதெல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. ஆனாலும் மனசு அந்த ஐந்து வார்த்தைகளையே பிடித்துக்கொண்டிருந்தது, கையிலிருக்கும் சில்லறையை யாரோ பிடுங்கிவிடப் போவதைப் போல.

பிறகு டாக்டர் மருமகள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். மருமகள் பதில் சொன்னாள். குனிந்த தலை, அசையும் உதடு. நிறைய நேரம் பேசினாள். இடையில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு வார்த்தைகூட மருந்தக்காவுக்குப் பிடிபடவில்லை. 'எனக்கு முன்னாலயே, எனக்குக் கேட்காத மாதிரி.'

"சரிம்மா. இப்ப அந்த அஞ்சு வார்த்தையைச் சொல்லுங்க."

"ஆவி. பட்டு. எலி. பாலம். அவர்." அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, "தப்புன்னு தெரியுது டாக்டர்" என்றாள். "எனக்கு அதுதான் மனசுல நிக்குது."

டாக்டரின் கண்கள் சிரித்தன. எழுந்து ஜன்னல் பக்கம் தள்ளிப் போய் நின்று, முகக்கவசத்தைக் கழற்றினார். "ஜலதோஷம், அதான் தள்ளி நிக்கிறேன். என் வாயைப் பாருங்க. நான் சொன்னது சாவி."

"சாவியா?"

"தட்டு. கிளி. பாலம். சுவர்."

மருந்தக்கா ஒவ்வொன்றையும் உதட்டாலேயே சொல்லிப் பார்த்தாள்.

"இப்ப திரும்பாம அப்படியே உட்காருங்க" என்று டாக்டர் அவளுக்குப் பின்னால் போனார்.

அவள் காத்திருந்தாள். மின்விசிறி கடகடத்தது. வேறு சத்தமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள், திரும்பி டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் என்ன சொன்னேன்?" என்று டாக்டர் முன்னால் வந்து கேட்டார்.

"நீங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"மூணு தடவை சொன்னேன்மா. உங்க பை கீழ விழப்போகுதுன்னு."

மருந்தக்கா குனிந்து பார்த்தாள். பை மடியிலிருந்து பாதி வழுக்கியிருந்தது.

"அம்மா, காதுல விழுந்த வார்த்தையே வேற. ஆனா விழுந்ததை ஒண்ணுவிடாம, வரிசை மாறாம அப்படியே வெச்சிருந்து திருப்பிக் கொடுத்தீங்க" என்றார் டாக்டர். "மறக்குற ஆளு அப்படிச் செய்ய மாட்டாங்க. கீழ்மாடியில காதைச் சோதிச்சிட்டு வாங்க, மிச்சத்தைப் பேசுவோம். அதுக்கு முன்னாடி..." மருமகளைப் பார்த்தார். "நீங்க என்கிட்ட சொன்னதை அவங்க கேட்கலை. அவங்க முகத்தைப் பாத்து, சத்தமா ஒரு தடவை சொல்லிடுங்க."

மருமகள் தயங்கினாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இருவரும் இப்படி நேருக்கு நேர் உட்கார்ந்ததே இல்லை.

"அத்தைக்கு மறதியே இல்லைன்னு சொன்னேன்" என்றாள். சத்தமாகவே சொன்னாள். "கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர் நோயும் ஞாபகம் வெச்சிருக்காங்க, எனக்குத்தான் அது வரமாட்டேங்குதுன்னு சொன்னேன். நான் பேசினா மட்டும்தான் பதில் வராது. என்னைப் பிடிக்கலை போலன்னு நெனச்சுட்டேன். அதனால பேச்சைக் குறைச்சுக்கிட்டேன்."

மருந்தக்கா அவளையே பார்த்தாள். "நீ முணுமுணுக்கிறேன்னுல்ல நான் நெனச்சேன்."

"நான் முணுமுணுக்கல அத்தை. என் குரலே அவ்வளவுதான்."

யார் முதலில் சிரித்தார்கள் என்று டாக்டரைக் கேட்டால்கூடச் சொல்ல முடியாது. சிரிப்பு முடியும் இடத்தில் மருந்தக்காவின் கண் நனைந்திருந்தது. பையை எடுத்துக்கொள்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

கீழ்மாடியில், சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சின்ன அறைக்குள் அவளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் கனமான சத்தங்கள் வந்தன. டக் டக்கென்று அழுத்தினாள். அப்புறம் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. இயந்திரம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கண்ணாடி வழியே பார்த்தாள். வெளியே சோதனை செய்கிறவர் மும்முரமாகத் திருகிக்கொண்டுதான் இருந்தார்.

வெளியே வந்ததும் அவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு இடப்பக்கம் மேலே நேராகப் போய், நடுவிலிருந்து மாடிப்படி மாதிரி கீழே இறங்கியது.

"கனத்த சத்தம் உங்களுக்கு நல்லாவே கேக்குது. மெல்லிசான சத்தம்தான் போயிடுச்சு. ச, த மாதிரி எழுத்தெல்லாம் வர்ற இடம் இது. பெண்கள் குரல், குழந்தைங்க குரல், எல்லாம் இங்கதான் வரும். திடீர்னு போகல, வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு. அதனால உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

சளியில் ச போனால் மிச்சம் என்ன இருக்கிறது? மருந்தக்கா அந்த மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் வீட்டுக்காரர் பேசுறது மட்டும் தெளிவாக் கேக்குதே, அது எப்படி?"

"அவர் குரல் கனமா இருக்குமா?"

"கனமாவா? ஊருக்கே கேக்கும்."

"அதான்."

"நல்ல தலையெழுத்து" என்றாள் மருந்தக்கா. மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

போட்டுப் பழகிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்று இரண்டு சின்னக் கருவிகளைக் காதில் பொருத்தினார்கள். பொருத்திய உடனே அவளுக்குத் தன் குரலே தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதைப் போலிருந்தது. பிடுங்கி எறியலாமா என்று வந்தது. பழக நாளாகும், அவசரப்படாதீங்க என்றார்கள்.

மறுபடி மேலே போனபோது டாக்டர் இப்படிச் சொன்னார்: "பாதி வார்த்தை காதுல விழுது. மீதியை மூளை ஊகிச்சு ஊகிச்சு நிரப்புது. நாள் முழுக்க அதுக்கு அந்த வேலையே சரியாப் போயிடுது. அப்புறம் ஞாபகம் வெச்சுக்கத் தெம்பு ஏது? அதோட, கேக்காதவங்க மெல்ல மெல்லக் கூட்டத்துலருந்து ஒதுங்கிடுவாங்க. பேச்சு குறைஞ்சா மூளைக்குத் தீனி குறையும்."

ஒதுங்கியது உண்மைதான். மாலை நடைக்குத் தோழிகளோடு போய்க்கொண்டிருந்தவள், முழங்கால் வலி என்று சொல்லி நின்றுவிட்டாள். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும்போது, எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்துச் சிரித்து அலுத்துப் போயிருந்தது.

"அப்படின்னா அக்காவுக்கு வந்தது எனக்கு வராதா டாக்டர்?"

"வராதுன்னு நான் சொல்ல முடியாது. யாராலயும் முடியாது. வராம தள்ளிப்போக நம்ம கையில சிலது இருக்கு. காது அதுல ஒண்ணு. உங்களுக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கு, அதைக் கட்டுக்குள்ள வெக்கணும். நடையை விடாதீங்க. நல்லாத் தூங்குங்க. தோழிகளை விட்டுடாதீங்க. ரத்தப் பரிசோதனை ஒண்ணு எழுதியிருக்கேன், அதையும் பாத்துடுவோம். இன்னைக்கு நான் பாத்த வரைக்கும் உங்க ஞாபகசக்தி நல்லா இருக்கு. அதைத் தைரியமா சொல்வேன்."

"வால்நட்?"

"தாராளமாத் தின்னுங்க. ஆனா அதைக் காதுல மாட்ட முடியாது."

வெளியே படியிறங்கும்போது மருந்தக்கா நின்றாள். சரக் சரக்கென்று ஏதோ பின்தொடர்ந்தது. அவளுடைய செருப்புதான். இத்தனை நாளும் அது இப்படித் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. டாக்ஸியில் ஏறியதும் டிக் டிக்கென்று ஒரு சத்தம். "என்னது?" என்றாள். "வண்டி திரும்புறதுக்கு விளக்கு போட்டிருக்கார் அத்தை" என்றாள் மருமகள், தன் இயல்பான குரலில். அது மாமியாருக்குக் கேட்டது. மணி மாதிரியான குரல். இந்தக் குரலையா முணுமுணுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்?

"நீ கடையில என் தோளை ஒட்டி வந்து நிப்பியே" என்றாள் மருந்தக்கா, வெளியே பார்த்தபடியே.

மருமகள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "யாராவது மெதுவாப் பேசினா நீங்க வேற மருந்துப் பக்கம் கையை நீட்டுவீங்க. அதான் பக்கத்துல நின்னு, வந்தவங்களை மறுபடி சொல்லச் சொல்வேன். சில நேரம் நானே எடுத்து வெச்சிடுவேன். உங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

"எவ்வளவு நாளா?"

"வந்ததுலருந்து."

மருந்தக்கா கையை நீட்டி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு மாத்திரை மட்டும் அல்ல, இன்னும் எத்தனை தப்பி வெளியே போகாமல் இந்தக் கை தடுத்திருக்கிறது? அவளுடைய பெயருக்கு இன்று ஒரு களங்கமும் இல்லையென்றால், அதில் பாதி இவளுடையது. இவளைத்தான் குற்றம் கண்டுபிடிக்கிறவள் என்று கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்காவைப் பாத்துட்டுப் போயிடலாமா?" என்று கேட்டாள். டாக்ஸி திரும்பியது. மறுபடி டிக் டிக்.

காப்பகத்தில் அக்கா வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை ஒழுங்காக வாரிவிட்டிருந்தார்கள். மடியில் ஒரு கம்பளி. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவை எப்போதும் அசையும். வயதானவர்களுக்கு வாய் சும்மா அசையும் என்று மருந்தக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

அக்கா பேசிக்கொண்டிருந்தாள். மிக மெல்லிய குரல், ஆனால் தெளிவான பேச்சு.

"ஆறு எங்க பொறக்குது?" என்றாள் அக்கா. ஜன்னலைப் பார்த்தபடி கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு மறுபடி, "ஆறு எங்க பொறக்குது?"

மருந்தக்கா காப்பாளரைத் திரும்பிப் பார்த்தாள். "இவங்க பேசுறாங்களே."

"தினமும் பேசுவாங்களேம்மா" என்றார் காப்பாளர், போர்வையை மடித்துக்கொண்டே. "பாடம் நடத்துவாங்க. கேள்வி கேட்டுட்டுக் காத்திருப்பாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இதே நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் பேச்சு நின்றுபோய்விட்டது என்று மனசுக்குள் அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். நிற்கவில்லை. அக்கா கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

"ஆறு எங்க பொறக்குது?"

"மலையில" என்றாள் மருந்தக்கா.

அக்கா மெல்லத் திரும்பினாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். யாரென்று தெரிந்த பார்வை இல்லை அது. வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து சரியான பதில் வந்தால் ஒரு டீச்சர் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"எங்க போய்ச் சேருது?"

"கடல்ல."

"சரி" என்றாள் அக்கா. முகம் மலர்ந்தது. "உக்காரு."

மருந்தக்கா உட்கார்ந்துதான் இருந்தாள். ஆனாலும் இன்னும் கொஞ்சம் நெருக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். பாடம் தொடர்ந்தது. மழை எப்படி வருகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது. தெரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னாள். தெரியாத இடத்தில் மருமகள் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அக்கா இருவருக்கும் சேர்த்துத் தலையசைத்தாள்.

கிளம்பும்போது மருந்தக்கா காப்பாளரிடம், "இவங்களுக்குக் காதைச் சோதிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் கேட்டதில்லை. டாக்டர் வர்றப்ப சொல்றேன்மா."

அதனால் அக்கா திரும்பி வந்துவிடப் போவதில்லை என்று மருந்தக்காவுக்குத் தெரியும். மருந்து கொடுத்துப் பழகியவளுக்கு எது குணமாகும், எது குணமாகாது என்பதில் மயக்கம் கிடையாது. இருந்தாலும், பதில் சொல்ல ஆளிருந்தால் போதும் என்பதைப் போல இருந்தது அந்த முகம். அதைப் பார்க்கக் கொடுத்துவைத்ததே பெரிது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கணவர், "என்ன ஆச்சு?" என்றார்.

மருந்தக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "கத்தாதீங்க. தலைக்குள்ள இடி இறங்குது."

"நான் எங்க கத்துனேன்? சாதாரணமாத்தானே..."

"அதுதான் கத்துறது."

மருமகள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வந்தவர், ஆவி பட்டு எலி வந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கூடுமான வரைக்கும் மெதுவாகச் சொன்னார்: "ரொம்பப் பயந்துட்டேன்."

"தெரியும். வால்நட்டைப் பாத்தப்பவே தெரிஞ்சுது."

அவள் தோழி ஒருத்திக்குப் போன் செய்தாள். நாளைக்கு நடைக்கு வருகிறேன் என்றாள். முழங்கால் என்ன ஆச்சு என்று அந்தப் பக்கம் கேட்டது அவ்வளவு தெளிவாக விழுந்தது. "அது முழங்கால் இல்லடி, வந்து சொல்றேன்" என்றாள்.

பிறகு முகம் கழுவப் போனாள். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம், துண்டு உரசும் சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்துவது. எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். அலுப்பாகவும் இருந்தது, வேண்டும்போலவும் இருந்தது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தவள் நின்றுவிட்டாள்.

சமையலறையில் கணவரும் மருமகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். கணவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் தாழ்த்திப் பேசுவார் என்பதே அவளுக்குப் புதிய செய்தி.

"அத்தைக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே. இனிமேலாவது அங்க காத்திருக்கிறவங்களுக்கு ஒரு பதில் சொல்லும்மா."

"ரெண்டு நாள் போகட்டும் மாமா."

"போன மாசமும் இதையேதான் சொன்னே. அவங்களும் எவ்வளவு நாள் காத்திருப்பாங்க? அவனும் ஒவ்வொரு தடவை போன்ல பேசுறப்ப இதைத்தான் கேக்குறான். நீ போகாம இருக்கிறது அத்தைக்காகத்தான்னு தெரிஞ்சா அவளே உன்னை விடமாட்டா."

"அதனாலதான் சொல்லாதீங்கன்னேன்."

மருந்தக்காவுக்கு ஒரு விஷயம் புரிந்தது. இந்த வீட்டில் இப்படி எத்தனையோ பேச்சு, அவள் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே நடந்திருக்கிறது. யாரும் அவளிடமிருந்து ஒளிக்கவில்லை. ஒளிக்க அவசியமே இருக்கவில்லை. எங்கே போகாமல் இருக்கிறாள் இந்தப் பெண்? காத்திருப்பவர்கள் யார்? கடலில் இருக்கும் மகனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

காதிலிருப்பதைக் கழற்றி வைத்துவிட்டு, கேட்காத மாதிரியே போய்ப் படுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

சமையலறை வாசலில் போய் நின்றாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கணவர் எதையோ தேடுகிறவரைப் போல அலமாரியைத் திறந்தார்.

"எங்க போகாம இருக்கம்மா, எனக்காக?"

மருமகள் பழக்கதோஷத்தில் குரலை உயர்த்தி, "ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள்.

மருந்தக்கா நாற்காலியை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் ஆஸ்பத்திரியில் மருமகள் உட்கார்ந்த மாதிரியே, நேருக்கு நேராக.

"கத்த வேணாம்மா. மெதுவாவே சொல்லு. இனிமே எனக்குக் கேக்கும்."

மருமகள் மாமாவைப் பார்த்தாள். அவர் அலமாரியை மூடினார். அவள் எதிரில் உட்கார்ந்து, தன் இயல்பான அந்த மெல்லிய குரலிலேயே சொல்ல ஆரம்பித்தாள்.